காதைத் திறப்பது பற்றிப் பத்துப் பக்கம்

ஜூன் 17, திங்கள்

மாண்புமிகு வருங்காலப் போதகர், எபிரெயப் பண்டிதர், என் ஒரே அண்ணன் அவர்களுக்கு,

நலமா? நான் நலமில்லை. என் போன் அப்பாவின் அலமாரியில் பூட்டிக் கிடக்கிறது. அது உள்ளே, நான் வெளியே. இருவரில் யார் கைதி என்று தெரியவில்லை.

நடந்ததைச் சொல்கிறேன். நேற்று ஆலயத்தில் புது வகுப்பறையின் கல்வெட்டைத் திறந்தார்கள். வெளியூரிலிருந்து வந்த பெரிய போதகர் கயிற்றை இழுத்தார், திரை விலகியது, கல்வெட்டின் நட்டநடுவே ஒரு நோட்டீஸ்: "இங்கே நோட்டீஸ் ஒட்டாதீர்." யார் ஒட்டியது என்று விசாரணையே நடக்கவில்லை. கூடியிருந்த முந்நூறு பேரும் ஒரே நேரத்தில் என் பக்கம் திரும்பினார்கள். ஒட்டியது நான்தான், இருந்தாலும் ஒரு மரியாதைக்காவது இரண்டு பேரை விசாரித்திருக்கலாம் இல்லையா?

வீட்டுக்கு வந்ததும் அப்பா ஆரம்பித்தார். "திறந்து காட்டுறதுன்னா உனக்கு விளையாட்டாப் போச்சா? வேதத்துல வெளிப்படுத்துறதுக்கு என்ன வார்த்தை, அதோட எபிரெய வேர் என்ன, எங்கெங்க வருது, பத்துப் பக்கம் எழுது. முடிக்கிற வரைக்கும் போன் கிடையாது. தெரியலைன்னா உங்க அண்ணனுக்கு எழுதிக் கேளு. கையால."

"அப்பா, அவன் போனை எடுத்தாலே பெரிய விஷயம். கடிதத்துக்கா பதில் போடுவான்?" என்றேன். "ம்" என்றார். எதைக் கேட்டாலும் இப்போது "ம்"தான். நான் கொள்ளையடிக்கப் போகிறேன் என்றாலும் "ம்". கூடவே இன்னொரு புகார். அவர் அறையில் அவ்வப்போது விசில் சத்தம் கேட்கிறது. சத்தியமாக நான் இல்லை. யார் நம்புகிறார்கள்?

இங்கே உன் வரவுக்கு ஏற்பாடெல்லாம் தடபுடல். ஜூலை 28 ஞாயிறு ஆராதனையில், நீ படிப்பை முடித்து அப்பாவுக்கு உதவிப் போதகராக வரப்போகிறாய் என்று அறிவிக்கிறார்கள். உன் அறைக்கு வெள்ளை அடித்தாயிற்று. பெயர்ப்பலகைகூட எழுதப் போயிருக்கிறது.

போன மாதம் நீ அப்பாவுக்கு எழுதிய கடிதத்தை வழக்கம் போல சிவப்பு மையால் திருத்தி வைத்திருக்கிறார். மொத்தம் ஏழு பிழை. உனக்கே திருப்பி அனுப்பச் சொன்னார், இதோடு வைத்திருக்கிறேன். ஒற்றெழுத்து உனக்கு என்ன துரோகம் செய்தது?

சீக்கிரம் அந்தச் சொல்லை அனுப்பு.

சிறையிலிருந்து,
வாலு


ஜூன் 22, சனி

அன்புள்ள வாலுக்கு,

உன் கடிதம் சுற்றி அலைந்து வந்து சேர்ந்தது. விடுதியில் தபால் தொலைகிறது. இனி உறையின் பின்னால் இருக்கும் முகவரிக்கே எழுது.

கல்வெட்டுக் கதையைப் படித்துச் சிரித்தேன். அதை அப்பாவிடம் சொல்லாதே.

நீ கேட்ட சொல்லுக்கு மூன்றெழுத்து: கீமெல், லாமெத், ஹே. சேர்த்துச் சொன்னால் "காலா". முதலெழுத்தை "அங்கே" என்பதில் வரும் க மாதிரி சொல்ல வேண்டும். மூடியிருப்பதை விலக்குவது என்று அர்த்தம். திரை, மூடி, கண், ரகசியம், எதற்கும் வரும். இதே வேருக்கு ஊரைவிட்டுப் போவது என்றும் பொருள் உண்டு. ஜனங்களை நாடு கடத்தும் இடங்களில் வருவது அதுதான். நிலத்தை மூடியிருந்த ஆட்கள் போய்விட்டால் அது வெறுமையாகத் தெரியும், அப்படித்தான் இரண்டும் ஒட்டியது என்று சிலர் சொல்வார்கள். உறுதியாகத் தெரியாது. "சிலர் சொல்வார்கள்" என்றே எழுது, இல்லாவிட்டால் அப்பா பிடித்துக்கொள்வார்.

எனக்குப் பிடித்த இடம் வேறு. நம் மொழிபெயர்ப்பில் "வெளிப்படுத்தினார்", "அறிவித்தார்" என்று சாதாரணமாகத் தாண்டிப் போகிற சில இடங்களில், மூலத்தில் இருப்பது "காதைத் திறந்தார்" என்பது. காதுக்கு "ஓசென்". ஒரு ராஜாவின் மகன் தன் நண்பனிடம் அடித்துச் சொல்கிறான்: பெரிதோ சிறிதோ, என் காதைத் திறக்காமல் என் அப்பா எதையும் செய்யமாட்டார் என்று. பாவம், அவன் நம்பியது தப்பு. அப்பா அவனிடம் மறைத்துத்தான் இருந்தார்.

ஏன் காது? தலைத்துணியையோ முடியையோ ஒதுக்கிவிட்டு, கிட்டே போய், ஒரே ஒருவருக்குச் சொல்வது. கல்வெட்டுக்குக் கயிறு இழுக்கிற வேலை இல்லை இது. காது சும்மா திறந்து கிடக்கிற ஓட்டையும் இல்லை. முடியை ஒதுக்கும்போது எவ்வளவு பெரிய மனிதரும் கழுத்தைக் கொஞ்சம் சுருக்குவார். மடலை மேலே தூக்கிப் பின்னால் இழுத்தால்தான் உள்ளே வழி நேராகும். ஒருவருடைய வலது காதும் இடது காதும் ஒன்று போல இருப்பதில்லை. நூல் கட்டிய சின்ன ஸ்பஞ்சை உள்ளே வைத்து, குளிர்ந்த பசையைச் செலுத்தி அச்சு எடுத்தால் அது தெரியும். பசை இறுகும் ஐந்து நிமிடமும் வாயை அசைக்கக் கூடாது. உலகம் எங்கோ தூரத்துக்குப் போய்விடும். சிலர் அப்போது என் கையைப் பிடித்துக்கொள்வார்கள்.

இதை வைத்து ஐந்து பக்கம் தேற்றிவிடு.

அண்ணன்


ஜூன் 27, வியாழன்

அண்ணா,

தேற்றிவிட்டேன். ஐந்து பக்கம் நேற்றே அப்பாவின் மேஜைக்குப் போய்விட்டது. உன் காதுப் பத்தியை அப்படியே இறக்கினேன். காப்பி என்று தெரியக் கூடாதே என்று என் சொந்தச் சரக்கும் கொஞ்சம் சேர்த்தேன்: ஸ்பஞ்சைப் பஞ்சாக்கினேன், குளிர்ந்த பசையை வெதுவெதுப்பான பசையாக்கினேன்.

கொடுத்துவிட்டு வந்து படுத்துக்கொண்டு உன் கடிதத்தை இன்னொரு தடவை படித்தேன். அப்போதுதான் உறைத்தது.

"சிலர் அப்போது என் கையைப் பிடித்துக்கொள்வார்கள்."

யார் அந்தச் சிலர்? அது ஏன் உன் கை? எபிரெய வகுப்பில் எந்த வாத்தியார் உன்னை ஊரார் காதில் பசை ஊற்றச் சொன்னார்? உறையைத் திருப்பிப் பார்த்தேன். கடை எண் 4, முதல் மாடி என்று இருக்கிறது. எந்த இறையியல் கல்லூரி கடை எண் 4-இல் நடக்கிறது?

ஒழுங்காகப் பதில் சொல். நான் விளையாடும்போது எல்லாருக்கும் தெரிகிற மாதிரிதான் விளையாடுவேன். நீ என்ன விளையாட்டு விளையாடுகிறாய்?

வாலு


ஜூலை 2, செவ்வாய்

வாலு,

கண்டுபிடித்துவிட்டாய். கண்டுபிடிக்கட்டும் என்றுதான் எழுதினேனோ என்னவோ, எனக்கே தெரியவில்லை.

பிப்ரவரியிலேயே கல்லூரியை விட்டுவிட்டேன். இங்கே காது மெஷின் பொருத்தும் கிளினிக்கில் வேலை செய்கிறேன். செவித்திறன் நிபுணர் மேடம் பரிசோதனை செய்து எழுதிக் கொடுப்பார், நான் காதுக்கு அச்சு எடுத்து, செதுக்கி, மெஷினைப் பொருத்திக் கொடுப்பேன்.

ஏன் என்று கேட்பாய். கடைசி வருடம் ஒவ்வொரு வாரமும் ஓர் ஆலயத்துக்குப் பிரசங்கம் செய்ய அனுப்பினார்கள். நான் பேசும்போது என் வாயிலிருந்து அப்பாவின் குரல் வந்தது. அப்பாவின் வாக்கியம், அப்பாவின் இருமல்கூட. எல்லாரும் பாராட்டினார்கள். சொல்ல எனக்கென்று ஒன்றுமே இல்லை, உன் அண்ணன் ஓர் ஒலிபெருக்கி, அவ்வளவுதான். ஒரு நாள் நண்பனின் தாத்தாவுக்குத் துணையாக இந்தக் கிளினிக்குக்கு வந்தேன். மெஷினை மாட்டியதும் அவர் சட்டென்று திரும்பி, "யாரு செருப்பு தேய்க்கிறது?" என்று கேட்டார். என்னுடையதுதான். அடுத்த வாரம் வேலை கேட்டேன்.

அப்பாவிடம் சொல்லிவிடாதே. நான் பார்த்துக்கொள்கிறேன்.

அண்ணன்


ஜூலை 6, சனி

அண்ணா,

என்ன பார்த்துக்கொள்வாய்? எப்போது பார்த்துக்கொள்வாய்? 28-ஆம் தேதி அவர் பிரசங்க மேடையில் ஏறி, "என் மகன் வருகிறான்" என்று முந்நூறு பேருக்குச் சொன்ன பிறகா? நீ வராவிட்டால் அவர் அங்கே எப்படி நிற்பார் என்று ஒரு நிமிடமாவது யோசித்தாயா?

பிப்ரவரி! ஐந்து மாதம்! அதற்குள் மூன்று தடவை வீட்டுக்கு வந்து, "பரீட்சை எப்படிடா?" என்று கேட்டவருக்கு "பரவாயில்லப்பா" என்று சொல்லிவிட்டுப் போயிருக்கிறாய். நான் ஒரு நோட்டீஸ் ஒட்டியதற்குப் பத்துப் பக்கம். உனக்கு எத்தனை பக்கம் கொடுப்பது?

எனக்கு இப்போது சாப்பிட உட்காரவே பிடிக்கவில்லை. அவர் உன் பேச்சை எடுக்கிறார், நான் தட்டைப் பார்க்கிறேன். நான் தட்டைப் பார்த்துச் சாப்பிடுகிற பெண்ணா? "என்ன பண்ணித் தொலைச்ச?" என்று உடனே கேட்கிறார். எனக்குப் பொய் சொல்லத் தெரியும், ஆனால் சொந்தப் பொய்தான் சரளமாக வரும். உன் பொய்யைச் சுமப்பது கஷ்டமாக இருக்கிறது.

20-ஆம் தேதிவரை உனக்கு நேரம். அதற்குள் நீ சொல்லாவிட்டால் கயிற்றை நான் இழுப்பேன். பொய்ச் சத்தியம் செய்வேன் என்று பெயரெடுத்தவள்தான், இது நிஜச் சத்தியம்.

தங்கை


ஜூலை 10, புதன்

தங்கைக்கு,

மூன்று தடவை எழுதிக் கிழித்துவிட்டேன். எழுதும்போதே எங்கே சிவப்பு விழும் என்று தெரிகிறது. "அப்பா, நான் கல்லூரியை விட்டு விட்டேன்" என்று எழுதினால் "விட்டுவிட்டேன், சேர்த்து எழுதவும்" என்று திரும்பி வரும். சிரிக்காதே. பத்து வயதில், சபைச் சிறுவர் முகாமிலிருந்து, அழுதுகொண்டே "என்னை வந்து கூட்டிப் போங்கள்" என்று எழுதினேன். நான்கு பிழை திருத்தித் திருப்பி அனுப்பினார். கூட்டிப் போக வந்தார், அதுவும் உண்மைதான். ஆனால் எனக்கு முதலில் வந்து சேர்ந்தது சிவப்பு மை.

நீ கைதட்டலுக்காகத் திறக்கிறவள். உனக்கு இது புரியாது.

கொஞ்சம் பொறு.

அண்ணன்


ஜூலை 15, திங்கள்

அண்ணா,

"கைதட்டலுக்காக" என்று எழுதினாய் அல்லவா, அதற்கு இரண்டு நாள் உன்னோடு பேசக் கூடாது என்று இருந்தேன். கடிதத்தில் பேசாமல் இருப்பது எப்படி உனக்குத் தெரியப்போகிறது என்று தோன்றியதும் விட்டுவிட்டேன். அதைவிடப் பெரிய விஷயம் ஒன்று இருக்கிறது. உட்கார்ந்து படி.

அப்பா என் பக்கங்களைத் திருத்திக் கொடுத்துவிட்டார். முதல் மூன்று பக்கத்தில் எழுத்துப் பிழைகள். நான்காம் பக்கம், உன் காதுப் பத்தி. "பஞ்சு" என்பதை அடித்துவிட்டு மேலே சிவப்பில் "ஸ்பஞ்சு. நூலோடு இருக்கும்" என்று எழுதியிருந்தார். "வெதுவெதுப்பான" என்பதை அடித்துவிட்டு "இல்லை. குளிரும்."

இரண்டு தடவை படித்தேன். அகராதியிலா இருக்கிறது, பசை குளிரும் என்று? இது ஊற்றிக்கொண்டவருக்குத்தான் தெரியும்.

நேராக அவர் அறைக்குப் போனேன். அவர் என்னைப் பார்த்ததும் எதையோ காதிலிருந்து அவசரமாக எடுத்து இழுப்பறையில் போட்டார். இழுப்பறை விசிலடித்தது. அண்ணா, அந்த விசில்! ஒரு மாதமாக நான் திட்டு வாங்கிய விசில்! காது மெஷின்!

"அப்பா, இது என்னது?"

"ம்."

நான் கத்தினேன். "இது! என்னதுப்பா!"

"கத்தாத. மார்ச்லயே ஆஸ்பத்திரியில கொடுத்தாங்க. மாட்டினா கத்துது. ஜெபம் பண்ணும்போது கத்துது. சபையில போட்டுட்டுப் போக முடியுமா?"

"யாருக்கும் ஏன் சொல்லல?"

ரொம்ப நேரம் கண்ணாடியைத் துடைத்தார். பிறகு, "கேட்காத போதகர யாரு வச்சுக்குவாங்க? அவன் வர்ற வரைக்கும் ஓட்டிடலாம்னு பார்த்தேன்" என்றார். அவன் என்றால் நீ.

உன் விஷயத்தை நான் சொல்லவில்லை. வாய் வரைக்கும் வந்தது, சொல்லவில்லை, இதைக் குறித்து வைத்துக்கொள். அவரேதான் சொன்னார். "உன் கடிதத்தை எல்லாம் தபால்ல போடறது யாரு? நான்தான். முகவரியில பிழை இருக்கான்னு பார்ப்பேன். கல்லூரி முகவரி மாறினதும் போன் பண்ணிக் கேட்டேன். பிப்ரவரியிலயே போயிட்டான், ஏதோ காது மெஷின் கடையில இருக்கான்னு சொன்னாங்க."

"அப்போ உங்களுக்குத் தெரியுமா? ஏன் அவன்கிட்ட கேட்கல?"

"அவன் சொல்லட்டும்னு இருக்கேன்."

"பெயர்ப்பலகை எழுதக் கொடுத்திருக்கீங்களே!"

"அது தெரியறதுக்கு முன்னாடி கொடுத்தது. அதுக்கப்புறம் நிறுத்தச் சொல்லணும்னா காரணம் சொல்லணும்."

நீ அவரிடம் மறைக்கிறாய். அவர் தெரியும் என்பதை உன்னிடம் மறைக்கிறார், காதை எல்லாரிடமும் மறைக்கிறார். நான் கல்வெட்டில் காகிதம் ஒட்டியதுதான் இந்த வீட்டின் பெரிய குற்றம்! எனக்குத் தலை சுற்றுகிறது. உங்கள் இருவரையும் ஒரே அறையில் பூட்டிச் சாவியை விழுங்கிவிடலாமா என்று இருக்கிறது.

இப்போதாவது சொல்.

தங்கை


ஜூலை 19, வெள்ளி

வாலு,

உன் கடிதம் நேற்றுக் காலை கிடைத்தது. மதியம் அப்பா வந்தார்.

வரவேற்பில் சீட்டு வாங்கிக்கொண்டு எல்லாரையும் போல உட்கார்ந்திருந்தார். எண் ஒன்பது. நான் எட்டாவது ஆளுக்கு அச்சு எடுத்துக்கொண்டிருந்தேன், அவரையே பார்த்ததில் அச்சு பிசகி, மறுபடியும் எடுக்க வேண்டியதாயிற்று. அப்பா உள்ளே போய்ப் பரிசோதனை முடிந்து வந்தார். மேடம் சீட்டில் எழுதியிருந்தார்: இரண்டு காதுக்கும் புது அச்சு. பழைய அச்சு சரியாகப் பொருந்தாததால்தான் விசில்.

என் நாற்காலியில் உட்கார்ந்தார். மெஷினை எடுத்து என் கையில் கொடுத்து, "இது கத்துது" என்றார். நானும் "வாயை அசைக்காதீங்க" என்று மட்டும் சொன்னேன். காதோரத்து முடியை ஒதுக்கினேன். அப்பாவும் கழுத்தைச் சுருக்கினார். அந்த முடி இவ்வளவு நரைத்துவிட்டது என்று எனக்குத் தெரியாது.

இரண்டு காதிலும் பசை வைத்தேன். ஐந்து நிமிடம். அவருக்கு எதுவும் கேட்காது என்று எனக்குத் தெரியும். அப்போது சொன்னேன். எல்லாவற்றையும். பிப்ரவரி, பிரசங்கம், அவருடைய இருமல், முகாம், சிவப்பு மை. திட்டவும் திட்டினேன். அழுதேன் என்று நினைக்கிறேன். அவர் வாயை அசைக்காமல் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். இதற்கு நீயே ஒரு பெயர் வை. கோழைத்தனம் என்று வைப்பாய்.

பசை இறுகியதும் அச்சுகளை எடுத்தேன். அப்பா தாடையை அசைத்துப் பார்த்துக்கொண்டார். பிறகு நாற்காலியை எனக்குக் கிட்டே நகர்த்தி, கொஞ்சம் நன்றாகக் கேட்கிற காதைத் திருப்பினார்.

"வாயசையறத பார்த்தேன். ஒண்ணும் கேட்கல. இப்போ சொல்லு."

மறுபடியும் சொன்னேன். இந்தத் தடவை சின்னதாக இருந்தது. நான்கு வாக்கியம். அவர் எந்த இடத்திலும் திருத்தவில்லை.

எழுந்து, கைக்குட்டையால் காதைத் துடைத்துக்கொண்டார். "கேட்டுட்டேன். சம்மதம்னு அர்த்தமில்ல. கேட்டுட்டேன்" என்றார். இரண்டு வாரம் கழித்து மெஷின் வாங்க வரவேண்டும் என்று சொன்னேன். "வரேன்" என்றார்.

28-ஆம் தேதி என்ன சொல்வார் என்று கேட்கத் தைரியம் வரவில்லை. நீ பார்த்து எழுது.

அண்ணன்


ஜூலை 28, ஞாயிறு

அண்ணா,

பார்த்தேன், எழுதுகிறேன். மீதி ஐந்து பக்கத்தையும் முடித்தேன், போன் திரும்பக் கிடைத்துவிட்டது, ஆனால் நீ எடுக்கமாட்டாய் என்பதால் கடிதம்.

அறிவிப்புகளில் அப்பா உன் விஷயத்தை விட்டுவிட்டார். சபைச் செயலாளர் விடுவாரா? எழுந்து, "ஐயா, தம்பி எப்போ பொறுப்பேத்துக்கிறார்?" என்று உரக்கக் கேட்டார். அப்பா உண்மையிலேயே கேட்காத மாதிரி நிற்கலாம், அவருக்கு அந்த வசதி இருக்கிறது. நிற்கவில்லை.

"வரமாட்டான். வேற வேலை பார்க்கிறான். நேர்ல போய்ப் பார்த்தேன்." வேதத்தை மூடினார். "கவனமா செய்யறான்."

அவ்வளவுதான். பாட்டு எண் சொல்லிவிட்டு உட்கார்ந்துவிட்டார். அவர் வாயிலிருந்து "கவனமா" என்ற சொல் யாருக்காவது வந்து நான் கேட்டதில்லை. நான் உனக்காகச் சந்தோஷப்பட்டேன். சுமார் மூன்று விநாடி. ஏனென்றால் அப்போதுதான் பெண்கள் வரிசையைப் பார்த்தேன்.

அண்ணா, அம்மாவுக்கு யாருமே சொல்லவில்லை.

நீ சொல்லவில்லை. அப்பா சொல்லவில்லை. நான், இந்த வீட்டின் அதிகாரப்பூர்வ ஓட்டை வாய், நானும் சொல்லவில்லை. மூன்று பேரும் அப்பாவின் காதைச் சுற்றியே ஓடிக்கொண்டிருந்தோம். அம்மா முந்நூறு பேரோடு சேர்ந்து, முந்நூற்று ஓராவது ஆளாகத் தெரிந்துகொண்டாள். பக்கத்தில் இருந்த அத்தை, "உங்களுக்கு முன்னாடியே தெரியுமா?" என்று கேட்டாள். அம்மா, "தெரியுமே" என்றாள். சிரித்துக்கொண்டே. எனக்கு அங்கேயே பூமிக்குள் போய்விடலாம் போல இருந்தது.

வீட்டுக்கு வந்ததும் கத்துவாள் என்று நினைத்தேன். கத்தவில்லை. உனக்காக மூன்று மாதமாக வெள்ளை அங்கி தைத்துக்கொண்டிருந்தாள், அதையும் உனக்கு எழுத எனக்குத் தோன்றவில்லை. அதை மடித்து வைத்தாள். பிறகு எங்கள் இருவரையும் கூப்பிட்டு நிற்க வைத்தாள்.

"இந்த வீட்டுல எனக்குக் காது நல்லாத்தானே கேட்குது? அதனாலதான் யாரும் சொல்லலையா?"

அப்பா "ம்" என்றார். "அந்த ம்-ஐ என்கிட்ட வச்சுக்காதீங்க" என்றாள். அப்பா உண்மையாகவே பயந்துபோய், "மன்னிச்சுக்கோ" என்றார். நான் பதினாறு வருடத்தில் கேட்காத சொல் ஒரே நாளில் இரண்டாவது.

"அண்ணனுக்கு என்னம்மா எழுதறது?" என்று கேட்டேன்.

"ஒண்ணும் எழுத வேண்டாம். எழுதி எழுதித்தான் இந்த வீடு இப்படி ஆயிருக்கு. வரச் சொல்லு. முதல்லேர்ந்து எனக்குச் சொல்லணும். என் பக்கத்துல உட்கார்ந்து சொல்லணும்."

அதனால் இதோடு நிறுத்துகிறேன். வா.

தங்கை